தரை இன்னும் கொஞ்சம் கீழ இருக்குதுங்க

முன்சக்கரம் வெடித்த சத்தம் காதில் விழுவதற்கு முன்பே அது யாருடைய தப்பு என்று தீனதயாளனுக்குத் தெரிந்துவிட்டது. காற்றின் மேல் பழியைப் போடலாமென்றால், காமலாபுரம் விமான நிலைய ஓடுதளத்தின் ஓரத்தில் காற்று காட்டும் துணிக்குழாய் துவைத்துக் காயப்போட்ட பைஜாமாவைப் போலச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் மேல் போடலாமென்றால், அது நாலு பேர் உட்காரும் பயிற்சி விமானம். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் அன்று காலைகூட அதை அலுங்காமல் இறக்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். பன்னிரண்டு வருடமாக நூற்றெண்பது பேரைச் சுமக்கும் ஜெட் விமானத்தை ஓட்டுகிறவன், தோளில் நாலு தங்கப்பட்டை உள்ளவன், சங்ககிரியில் பால்காரர்கூடக் கேப்டன் என்று கூப்பிடுகிறவன்.

நடந்தது இதுதான். அவன் ஆகாயத்திலேயே தரையிறங்கிவிட்டான். பெரிய விமானத்தில் சக்கரம் தரையைத் தொடும்போது ஓட்டுகிறவன் மாடி வீட்டு ஜன்னல் உயரத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த உயரம் அவன் கண்ணில் ஊறிப்போயிருந்தது. சின்ன விமானத்திலோ ஆட்டோ சீட்டைவிடக் கொஞ்சம் உசத்தி, அவ்வளவுதான். மாடி ஜன்னல் உயரத்துக்கு வந்ததும், இதோ தரை வந்துவிட்டது என்று நம்பி, கை தானாக விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டது. போதாக்குறைக்கு, பெரிய விமானத்தில் தரை நெருங்க நெருங்க ஒரு குரல் உயரத்தை எண்ணிச் சொல்லும்: ஐம்பது, நாற்பது, முப்பது என்று. அவன் அந்தக் குரலுக்காக வேறு காத்திருந்தான். சின்ன விமானத்துக்கு வாய் கிடையாது.

வாய் உள்ளவள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். ரஞ்சனி, பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். அவனைவிட ஏழெட்டு வயது சின்னவள். குமாரபாளையத்தில் தறி போட்டுத் துண்டும் லுங்கியும் விற்கிற குடும்பத்துப் பெண். படித்து முடித்ததிலிருந்து சின்ன விமானத்தைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. விமானம் அந்தரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த நொடியில், பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்கிற குரலில் அவள் சொன்னாள்:

"தரை இன்னும் கொஞ்சம் கீழ இருக்குதுங்க, கேப்டன்."

"தெரியுங்க," என்றான் தீனதயாளன்.

பறப்பதற்கான வேகம் தீர்ந்துபோன விமானம் கல் மாதிரி விழுந்தது. பந்து மாதிரி எழும்பியது. மறுபடி விழுந்து, மறுபடி எழும்பி, மூன்றாவது தடவை மூக்கால் இறங்கியது. டயர் வெடித்தது. அந்த நேரத்தில் காலடிப் பெடலை மிதித்து நேராக்கியிருக்க வேண்டும். அவன் கால்கள் இரண்டும் யார் வீட்டு விசேஷமோ என்று சும்மா இருந்தன. விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாதி உடம்பு ஓடுதளத்திலும் பாதி புல்லிலுமாக நின்றது. வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த மேச்சேரி ஆடுகள் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்ததாக ஒன்றுமில்லை என்று மறுபடி குனிந்துகொண்டன.

அடி யாருக்கும் இல்லை. கீழே இறங்கி, வெடித்த டயரைச் சுற்றி வந்து, அதை முதல்முறை பார்ப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மேலே அந்த இரைச்சல் கேட்டது. ஐதராபாத்திலிருந்து வரும் எழுபது இருக்கை விமானம். இருப்பது ஒரே ஓடுதளம், அதன் குறுக்கே தீனதயாளனின் சாதனை கிடந்தது. வந்த விமானம் இறங்க வழியில்லாமல் சங்ககிரிப் பக்கமாகத் திரும்பி வட்டமடிக்கத் தொடங்கியது.

எந்த ஊரிலாவது பயிற்சி விமானம் குறுக்கே வந்து தன் ஜெட் தாமதமானால், "சைக்கிள் பழகறவங்களையெல்லாம் ஹைவேல விட்டர்றாங்க," என்று துணை விமானியிடம் அலுத்துக்கொள்வது அவன் வழக்கம். இப்போது மேலே சுற்றுகிற விமானியின் வாயில் அதே வார்த்தைதான் இருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வேறொன்றில்தான். ஒரு கல்யாணத்துக்கு ஐதராபாத் போன அவன் மனைவி கமலவேணி அந்த விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்குமா, புரிந்திருக்காதா?

பெரிய விமானத்தைப் பின்னால் தள்ள ஒரு டிராக்டர், அதற்கு ஒரு டிரைவர், அவருக்குச் சைகை காட்ட ஒருவர் என்று ஒரு பரிவாரமே வரும். இங்கே நாலு பேர் சேர்ந்து வாலை அமுக்கினார்கள். மூக்கு தூக்கிக்கொண்டது. அப்படியே தள்ள வேண்டியதுதான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து தீனதயாளனும் வாலில் தொங்கினான்.

"கேப்டன் கை பட்டா வண்டியும் மரியாதையா நகருதுங்க," என்றான் பள்ளியின் இன்ஜினியர் அறிவழகன், சிரிக்காமல்.

தீனதயாளன் அங்கே பொழுதுபோக்கப் போகவில்லை. ஜெட் வேலையை விட்டுவிட்டு அந்தப் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர நினைத்திருந்தான். எழுத வேண்டிய தேர்வுகளை எழுதியாகிவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் கூடவே பறந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. அவனுடைய விமானக் கம்பெனியில் கேப்டன் வேலையை விடுவதென்றால் ஒரு வருடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். லீவு முடிந்து போகும்போது ஒன்று சொல்லிவிட வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டு இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும்.

பெரிய விமானம் ஓட்டுவது லேசான வேலை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்கிறவனை விட்டதுமில்லை. எந்த மேகத்தை எந்தப் பக்கம் சுற்றுவது, எந்த ஊரில் இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திரும்புவது, உடம்பு முடியாமல் போன பயணிக்காக எங்கே இறக்குவது என்று தலை ஓயாமல் வேலை செய்யும். அதில் அவன் கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். ஆனால் கையால் ஓட்டுகிற நேரம் ஒரு பயணத்துக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான். மற்றதெல்லாம் தானியங்கி பார்த்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு தடவை ஜெட்டில் சங்ககிரி மலைக்கு மேலே பறந்து போவான். கோட்டை கடுகு மாதிரி தெரியும். தனக்கு விமானம் ஓட்டத் தெரியுமா, இல்லை தான் முதல் வரிசையில் உட்காரும் பயணியா என்ற கேள்வி ஒருநாள் அந்தக் கடுகைப் பார்த்தபோதுதான் வந்தது. வந்தது போகவில்லை.

அன்று ஓடுதளம் திறந்து, ஐதராபாத் விமானம் இறங்கியதும், ரஞ்சனியின் அறையில் டீ வந்தது.

"பரவாயில்லைங்க கேப்டன். டயருதான். அறிவழகன் வேற மாட்டிருவாப்ல."

"டயரை விடுங்க. என்னை எடுத்துக்குவீங்களா?"

"பாக்கலாமுங்க."

"பாக்கலாம்னா ஆமாங்களா, இல்லைங்களா?"

"டீ ஆறிப்போகுதுங்க."

அவனுக்குப் பதில் தெரியாமலில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்தவன்தானே. பெண் கேட்டுப் போனாலும் சரி, காட்டுப் பயிருக்குத் தண்ணீர் விடக் கேட்டாலும் சரி, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். பாக்கலாமுங்க என்பார்கள். கேட்டவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தானே புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் விமானி அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அங்கே ஒருவன் பட்டியலைப் படிப்பான், மற்றவன் பதில் சொல்வான். சக்கரம்? இறங்கியது. விளக்கு? எரிகிறது. சக்கரம் இறங்கியதா என்று கேட்டால் பாக்கலாமுங்க என்று எவனும் சொல்வதில்லை.

சாயங்காலம் மாமனார் குமாரசாமியின் லாரி பட்டறைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் அவனுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"மாப்ளைங்க, நம்ம டிரைவர் வேல்முருகன் இருக்கறானல்லங்க," என்று குமாரசாமி எங்கேயோ ஆரம்பித்தார். "பதினாறு சக்கர வண்டியைக் குசராத்து வரைக்கும் ஒரு கீறல் படாம கொண்டுபோவான். போன மாசம் எக்செல் மொபெட்டை எடுத்துட்டு டீ குடிக்கப் போனான். நிறுத்துனதும், கேபின்ல இருந்து இறங்கற நெனப்புல, இல்லாத படிக்குக் காலைத் தொங்கவிட்டுருக்கறான். தரை உடனே வந்துருச்சு. முட்டி பேந்துபோச்சு."

"எனக்குத் தரை உடனே வரலைங்க மாமா. அதுதான் பிரச்சினை."

"அதேதானுங்க," என்றார் குமாரசாமி. "டிரைவர் நல்ல டிரைவருதான். வண்டிதான் சின்னதாப் போச்சு."

அவன் வீட்டுக்குள் போனபோது கமலவேணி பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் அவனைக் குடைந்தது.

"மேல ரொம்ப நேரம் சுத்துனாங்களா?" என்றான்.

"ரெண்டு தடவை காபி குடுத்தாங்க. கேப்டன் மைக்குல சொன்னாருங்க, கீழ ஒரு பயிற்சி விமானம் மாட்டிக்கிச்சுன்னு. பக்கத்து சீட்டுல எருமப்பட்டிக்காரரு, முட்டை ஏவாரமாம். எவனோ பழகற பையன், அவங்கப்பன் பேச்சைக் கேக்காம வந்துருப்பான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்கன்னேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "வேணி, வேலையை உட்டுப்போட்டு இங்கியே வந்திரட்டுமா?"

"உங்க இஷ்டமுங்க."

"நீயுமா பாக்கலாமுங்கற?"

கமலவேணி மடித்த சேலையைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நீங்க கேக்கறதே ஆமான்னு சொல்லு, சீக்கிரம் சொல்லுங்கற மாதிரி இருக்குது. அதுல ஒருத்தி என்னத்தைச் சொல்லுவா? உங்க கம்பெனில புதுசா வர்ற பசங்களுக்குக் கிளாஸ் எடுக்கறீங்களே, கேப்டன் தப்புப் பண்ணுனா மூஞ்சிக்கு நேரா சொல்லோணும்னு. அந்த ரஞ்சனிக்கு அந்தக் கிளாஸை யாரு எடுத்தாங்க? இருபது அடி உசரத்துல நின்னுக்கிட்டு, தரை கொஞ்சம் கீழ இருக்குதுங்கன்னு சொல்லியிருக்குது அந்தப் புள்ள. நீங்க தெரியுங்கன்னு சொல்லியிருக்கறீங்க. ரெண்டு பேரும் மரியாதை குடுத்தே டயரை வெடிக்க வெச்சிருக்கறீங்க."

"இதை யாரு சொன்னா?"

"அறிவழகன் சம்சாரம் எங்கூடப் படிச்சவ. அந்தப் புள்ளகிட்ட முதல்ல பதில் வாங்குங்க. அப்புறம் நான் சொல்றேன்."

அடுத்த நாள் காலை தீனதயாளன் ரஞ்சனியின் அறைக்குப் போய், உட்காராமல், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "நேத்து நடந்ததுல என்ற தப்பு முக்கால்வாசி. மீதி உங்களது. என் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கியிருக்கோணும் நீங்க."

ரஞ்சனி மேசையைப் பார்த்தாள். "கேப்டன்கிட்ட எப்படீங்க பிடுங்கறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். இனி கேப்டன்னு கூப்பிடாதீங்க."

"அப்ப அண்ணான்னு கூப்பிட்டுக்கறேன்." கொஞ்சம் யோசித்தாள். "அண்ணனைத் திட்டலாமுங்கல்ல?"

"தாராளமா."

"சரி. போய் வண்டில உக்காருங்க. இன்ஜினைத் தொடாதீங்க."

அறிவழகன் புது டயர் மாட்டியிருந்த விமானத்தை ஓடுதளத்தைப் பார்த்து நிறுத்தி, ரஞ்சனி அவனை உள்ளே உட்காரவைத்து, முன்னால் தெரிகிற ஓடுதளத்தையே பார்க்கச் சொன்னாள். வேறு வேலை கிடையாது. பொண்ணு பார்க்கப் போனவனைப் போல அவன் வெயிலில் உட்கார்ந்து, தரை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, ஓரத்துக் கோடுகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாணவன் அந்தப் பக்கமாகப் போனபோது, "சார், உள்ளார மாட்டிக்கிட்டீங்களா?" என்று விசாரித்தான்.

"இந்த உசரத்தைக் கண்ணுல வாங்கிக்குங்க," என்றாள் ரஞ்சனி. "இங்க எண்ணிச் சொல்ல ஆளில்லை."

அப்புறம் பறந்தார்கள், தினமும் பறந்தார்கள். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஜெட்டில் திரையைப் பார்த்தால் தெரியும். இங்கே இறக்கை மேல் ஏறிக் குச்சியை விட்டு அளக்க வேண்டும். ஜெட்டில் கால்களுக்கு அதிக வேலை வைக்காமல் கணினி பார்த்துக்கொள்ளும். இங்கே கால் தூங்கினால் வால் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். முதல் நாள் ரஞ்சனி, "கால் கொஞ்சம் வேணுமுங்கண்ணா," என்றாள். இரண்டாம் நாள், "கால், அண்ணா." அதற்கடுத்த நாள், "காலை என்ன, ஊட்லயே உட்டுட்டு வந்துட்டீங்களா?" அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைக் கமலவேணியிடம் பெருமையாகச் சொன்னான். பட்டை வாங்கிய அன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் மூக்கை மறுபடி உயரத்திலேயே தூக்கினான். இந்தத் தடவை மரியாதையான வாக்கியம் எதுவும் வரவில்லை. அவன் கையை ஒரு கை தட்டிவிட்டது. "கையை எடுங்க." அவள் இறக்கினாள். டயர் பிழைத்தது.

லீவின் கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனார்கள். சுற்றி வந்து இறங்குவது, உடனே மறுபடி ஏறுவது. ஏற்காட்டு மலைக்கு மேலே ஒரு மேகம் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

"இன்னொரு சுத்துப் போலாமுங்கண்ணா."

"வேண்டாம்," என்றான் தீனதயாளன். "இப்பவே இறங்கிடலாம்."

"மேகம் தூரத்துல இருக்குது."

"மேகம் தூரத்துலதான் இருக்குது. அது தள்ளற காத்து அதுக்கு முன்னாடி வந்துரும். இதுமாதிரி ஒண்ணை நான் நாகப்பூர்ல பாத்திருக்கறேன், கவுகாத்தில பாத்திருக்கறேன். அடியில அந்தக் கறுப்புத் தொங்கட்டானைப் பாருங்க. இறங்கலாம், ரஞ்சனி."

அவள் ஒருகணம் மேகத்தைப் பார்த்தாள். அவன் குரலில் இருந்த உறுதியையும் கேட்டிருப்பாள். "இறக்குங்க," என்றாள்.

காற்று ஏற்கனவே குறுக்கே வரத் தொடங்கியிருந்தது. மூக்கு வலப்பக்கம் இழுத்தது, கால் மிதித்தது. இடப்பக்கம் இழுத்தது, மறுகால் மிதித்தது. கோடுகள் அவன் வெயிலில் உட்கார்ந்து பார்த்த அதே சாய்வுக்கு வந்தன. தலைக்குள் ஐம்பது, நாற்பது என்று எண்ண வந்த குரலைச் சும்மா இரு என்று அடக்கினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் கீழே. அப்புறம் மெல்லத் தூக்கினான். சக்கரம் தொட்டது தெரியவில்லை. உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஓடுதளத்தை விட்டு அவர்கள் திரும்பி நிற்பதற்கும், துணிக்குழாய் விறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழல்வதற்கும் சரியாக இருந்தது. புழுதி எழும்பி ஓடுதளத்தின் மறுகோடியை மறைத்தது. ரஞ்சனி அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

இறங்கியபின் படிக்கிற பட்டியலை எப்போதும் அவள்தான் படிப்பாள். அன்று தீனதயாளன் அட்டையைக் கையில் எடுத்தான்.

"பிளாப்?"

"மேல."

"லைட்?"

"ஆஃப்."

"ரேடியோ?"

"ஆஃப்."

அட்டையில் அடுத்த வரி இன்ஜினை நிறுத்துவது. அவன் அதைத் தாண்டி, அதே குரலில் படித்தான். "தீனதயாளன், பயிற்சியாளர் வேலைக்கு?"

ரஞ்சனி திரும்பவில்லை. விமானிகளின் பாஷையில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அனுமதி உண்டு. அவள் அதைச் சொன்னாள்.

"ஸ்டாண்ட்பை."

கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவன் பொறுத்தான். அட்டையைக் கீழே வைக்கவில்லை. அவள் இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தாள். விசிறி தயங்கித் தயங்கி நின்றது. இறக்கை மேல் முதல் தூறல் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அப்புறம் அவள் இருக்கைவாரைக் கழற்றிவிட்டு, அவன் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப எடுத்துக்க மாட்டேன், அண்ணா. இன்னைக்கு நல்லா இறக்குனீங்க, அதுல குத்தமில்லை. ஆனா எங்க பசங்க உங்களை மாதிரியே மேலயே நிறுத்துவாங்க. அப்ப அவங்களைக் கேக்காம உங்க கையும் காலும் முந்திப் போகோணும். உங்க காலு இப்பத்தான் எந்திரிச்சிருக்குது, இன்னும் முந்திப் போகலை. ஜெட்டை உடாதீங்க. அந்த மேகத்தை நான் தப்பாப் பாத்தேன், நீங்க சரியாப் பாத்தீங்க. அதை எனக்குச் சொல்லிக்குடுங்க. லீவு கெடைக்கறப்பெல்லாம் வந்து என்ற கூடப் பறங்க. சித்திரை பொறந்ததும் இதே கேள்வியைக் கேளுங்க. அன்னைக்கு உங்க காலு என்ற காலுக்கு முன்னால போச்சுன்னா, ஆமான்னு சொல்லுவேன். போகலைன்னா, இதே மாதிரி மூஞ்சியைப் பாத்து மாட்டேன்னு சொல்லுவேன்."